"எத்தனை கோயில்?" - டீன் ஏஜ் பிள்ளையோடு டூர் போக மே மாதம் எதற்கு, மாசி போதாதா?

வீட்டில் டூர் பேச்சை எடுத்தாலே பதின்ம வயதுப் பிள்ளைகளிடமிருந்து வரும் கேள்விகள் மூன்றுதான். "எத்தனை கோயில்?", "எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்?", "ரூம்ல வைஃபை இருக்கா?" பெரியவர்கள் காதில் இது திமிராக விழும். ஆனால், ஒரு நிம்மதியான பயணத்தைத் திட்டமிட இதைவிடச் சரியான கேள்விகள் கிடையாது. முதல் கேள்வி ஓட்டத்தைப் பற்றியது. இரண்டாவது தூக்கத்தைப் பற்றியது. மூன்றாவது, தனக்கென்று கொஞ்சம் நேரம் கிடைக்குமா என்பது. மூன்றுக்கும் பதில் சொல்லாமல் "கிளம்பு கிளம்பு" என்று காரில் ஏற்றினால், மூன்று நாளும் காதில் ஹெட்போனோடு ஒரு மௌன விரதம் நடக்கும்.

இது அப்பா, அம்மாவின் தலைவலி மட்டும் இல்லை. இன்று பல வீடுகளில் டூருக்குப் பணம் போடுவதும் ரூம் புக் செய்வதும் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் அண்ணனும் அக்காவும்தான். ப்ளஸ் ஒன் படிக்கும் தம்பி, ஒன்பதாவது படிக்கும் அக்கா மகள் என்று கூட வருபவர்களுக்கு அந்த வயது. இன்னும் இரண்டு, மூன்று வருடத்தில் கல்லூரி, ஹாஸ்டல், நண்பர்கள் என்று போய்விடுவார்கள். அதற்குப் பிறகு "வாடா, போயிட்டு வரலாம்" என்றால் காலண்டரைப் பார்த்துச் சொல்கிறேன் என்பார்கள். இருக்கும் சில வருடங்களை மே மாத வெயிலில் வீணாக்க வேண்டுமா என்பதுதான் இங்கே கேள்வி.

நமக்கு ஏது வசந்தம்?

ஊர் உலகத்தில் பிப்ரவரி கடைசி, மார்ச் என்றால் வசந்தத்தின் வாசல். பிரிட்டனில் பிப்ரவரி நடுவில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் 'ஹாஃப் டெர்ம்' விடுமுறையே உண்டு. தமிழ்க் கணக்கில் இளவேனில் சித்திரை, வைகாசியில்தான் வருகிறது. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். பெயர் என்னவோ பனி என்று இருந்தாலும், தமிழ்நாட்டுக் கடலோரத்தில் வெளியே சுற்ற வருடத்திலேயே நல்ல நாட்கள் தை பிற்பாதியும் மாசியும்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். குளம், வாய்க்காலில் தண்ணீர் மிச்சம் இருக்கும். வெயில் இன்னும் கடிக்கத் தொடங்கியிருக்காது. வலசை வந்த பறவைகள் முழுதாகத் திரும்பியிருக்காது.

நாமோ அதையெல்லாம் விட்டுவிட்டு அக்னி நட்சத்திரத்தில் மலை ஏறுகிறோம். எல்லோரும் ஏறுகிறார்கள். அந்தக் கூட்டம் தாங்காமல்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் வாகன எண்ணிக்கைக்கே உச்சவரம்பு போட்டார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000 மற்றும் 6,000. ஒரு மலைக்கு ஒரே நாளில் எட்டாயிரம் வண்டி என்பதே குறைத்த கணக்கு என்றால், அங்கே 'ரிலாக்ஸ்' என்ற சொல்லுக்கு என்ன வேலை?

சரி, மாசியில் போகலாம் என்றால் குறுக்கே நிற்பது பரீட்சை. இதை மழுப்பிப் பயனில்லை. பத்தாவது, ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளையின் மனம் பயணத்தில் நிற்காது, கூட வருபவர்களும் நிற்க விட மாட்டார்கள். மற்ற வகுப்புகளுக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 கல்வியாண்டிலிருந்து ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வும் இல்லை. ஆண்டுத் தேர்வு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினால் எந்த மதிப்பெண்ணும் இடிந்து விழாது. பத்து நாள் மே மாத டூரைவிட இரண்டரை நாள் மாசிப் பயணம் செலவிலும் குறைவு, சண்டையிலும் குறைவு.

மதியம் தூங்கும் ஊர்

எங்கே போவது? பட்டியல் போட்டால் பாண்டிச்சேரி, ஏற்காடு, தரங்கம்பாடி என்று நீளும். ஆனால், பதின்ம வயதுப் பிள்ளையோடு அலட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரே ஒரு ஊர் சொல்லுங்கள் என்றால் சிதம்பரம் நல்ல பதில். "அய்யோ, கோயிலா?" என்று முதல் குரல் கிளம்பும். இருக்கட்டும்.

காரணம் பக்தி இல்லை, தூக்கம். பருவ வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் பெரியவர்களுக்குச் சுரப்பதைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. அதனால்தான் இரவு பதினோரு மணிக்கும் கண் கொட்டக் கொட்ட விழித்திருக்கும் பிள்ளை, காலை ஆறு மணிக்கு எழுப்பினால் பிணம்போலக் கிடக்கிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் கணக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல், பதின்ம வயதினரின் பள்ளிகளைக் காலை எட்டரைக்கு முன்பு தொடங்காதீர்கள் என்றே பரிந்துரைத்தது. நம் ஊர் டூர் அட்டவணையோ 'காலை 4.30-க்கு ரெடியாக இருக்கவும்' என்றுதான் ஆரம்பிக்கும்.

சிதம்பரம் இதற்கு நேர் எதிரான தாளத்தில் ஓடும் ஊர். நண்பகலில் நடராசர் கோயில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். அதுவரை வெளியூர்க்காரர்களுக்கு ஊரில் பெரிய வேலை எதுவும் கிடையாது. பிள்ளை ஒன்பதரைக்கு எழுந்து, நிதானமாக இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டு, மறுபடி படுத்து, போனைப் பார்த்து, நாலரைக்குக் குளித்துக் கிளம்பினால்கூட எதையும் 'மிஸ்' செய்ததாக ஆகாது. சிதம்பரம் கொத்சுவை வேறு ஊரில் அதே பெயரில் விற்பார்கள், நம்ப வேண்டாம்.

மாலையில் கோயிலுக்குள் போனதும் தல வரலாறு ஒப்பிக்க ஆரம்பிக்காமல் இருந்தாலே பாதி வெற்றி. கோபுர வாசல்களின் உட்சுவர்களில் 108 கரணங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. நடனமாடும் பிள்ளைக்கு அது ஒரு பாடப்புத்தகம். ஆடாத பிள்ளைக்கு, 'இந்த போஸ் உன்னால முடியுமா' என்ற சவால். இயற்பியலில் ஆர்வம் உள்ளவர் என்றால், ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் 2004 முதல் ஒரு நடராசர் சிலை நிற்கிறது, இந்திய அரசு கொடுத்தது என்ற தகவலைப் போகிறபோக்கில் போட்டுவிடலாம். மீதியை அவரே கூகுளில் தேடிக்கொள்வார்.

ஒரு சின்ன விஷயம், யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. சிற்சபை அருகே ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். தாத்தாவுக்கு அது ஒன்றுமில்லை. பதினாலு வயதுப் பையனுக்கு, தன் உடம்பைப் பற்றிக் கூச்சம் உச்சத்தில் இருக்கும் வயதில், அது பெரிய விஷயம். "நான் வெளியிலேயே நிக்கிறேன்" என்று சொன்னால் விட்டுவிடுங்கள். ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கமும் சிவகங்கைத் தீர்த்தத்துப் பக்கமும் நிற்க நிறைய இடம் இருக்கிறது.

மகா சிவராத்திரியை ஒட்டிப் போனால் நாட்டியாஞ்சலி நடக்கும். 1981-ல் தொடங்கியது. எங்கெங்கிருந்தோ வரும் கலைஞர்கள் இரவில் ஆடுவார்கள். இரவு விழித்திருக்கத்தான் நம் ஆளுக்குத் தெரியுமே. ஆனால் அந்த நாட்களில் ரூம் கிடைப்பது கஷ்டம். அமைதிதான் நோக்கம் என்றால் அதற்கு அடுத்த வாரம் போவது புத்திசாலித்தனம்.

ஒரே ஒரு நாள் சீக்கிரம் எழுந்தால் போதும்

அந்த ஒரு நாளைப் பிச்சாவரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் விரிந்து கிடக்கும் அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது, அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்ற அங்கீகாரம். எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி'யும் கமலின் 'தசாவதாரம்' படமும் இங்கே படமாக்கப்பட்டவை. பிள்ளைக்கு இரண்டுமே பழைய படம்தான், அதனால் இந்தத் தகவல் பெரியவர்களுக்கு.

காலையில் போகச் சொல்வதற்குக் காரணம் வெயில் மட்டுமில்லை. பத்து மணிக்கு மேல் மோட்டார் படகுகளும் கூச்சலும் ஆரம்பித்துவிடும். துடுப்புப் படகில் போவதே சரி. அதில்தான் கால்வாய்கள் குறுகி, சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் தோளை உரசும் இடம்வரை போக முடியும். சத்தமில்லாமல் போனால் நாரையும் கொக்கும் கிட்டத்தில் நிற்கும். லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னால் 'போட்டோ நல்லா வராது' என்று முனகல் வரும். அதில் மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது.

இந்தக் காட்டில் தில்லை என்றொரு மரம் உண்டு. சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. அது இந்த மரத்திலிருந்து வந்தது. கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே தொடாமல் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரே ஒரு விஷ மரத்தின் பெயர் என்பது எந்த டீன் ஏஜருக்கும் பிடிக்கும்.

2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். மறு ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இந்த மாவட்டக் கடற்கரையைத்தான் எடுத்துக்கொண்டது. மரங்கள் அடர்ந்த பகுதிகளுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்றது. கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமும்தான் காப்பாற்றின, மரங்களின் பங்கு அவ்வளவு இல்லை என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. படகுக்காரர்களிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். காட்டைப் பற்றி அவர்கள் சொல்வது வேறு தினுசாக இருக்கும்.

போகும் வழியில் கிள்ளை. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காக இந்த ஊர்க் கடற்கரைக்கு வருகிறார். வழியில் தைக்காலில் இஸ்லாமியர்கள் மாலை கொடுத்து வரவேற்கிறார்கள். மதம் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் எதையும்விட இந்த ஒரு காட்சி பதினைந்து வயதில் ஆழமாக இறங்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடலாம்.

ஜன்னலோரம் வரும் செம்மங்குப்பம்

சென்னையிலிருந்து சிதம்பரத்துக்குக் காரைவிட ரயில் நல்லது. காலையில் எழும்பூரில் சோழன் எக்ஸ்பிரஸ் ஏறினால் நண்பகல் வாக்கில் சிதம்பரம். காரில் பின்சீட்டில் திணிக்கப்பட்ட பிள்ளைக்கும் ஜன்னலோர சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்த பிள்ளைக்கும் முகத்திலேயே வித்தியாசம் தெரியும். பண்ருட்டி தாண்டும்போது பலாவும் முந்திரியும் வரும், திருப்பாதிரிப்புலியூர் தாண்டி கடலூர் முதுநகர் வரும். அதற்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட் கடந்துபோகும். செம்மங்குப்பம்.

2025 ஜூலை 8-க்குப் பிறகு அந்தப் பெயரை எல்லோருக்கும் தெரியும். காலையில் பிள்ளைகளை ஏற்றிவந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதி, மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அந்த கேட் சிக்னலோடு பிணைக்கப்படாதது. பிணைத்த கேட்டில், கேட் மூடாமல் ரயிலுக்குப் பச்சை விழாது. பிணைக்காத கேட்டில், மூடிவிட்டேன் என்று கேட் கீப்பர் போனில் சொல்வதை நம்பித்தான் ரயில் வரும். விபத்துக்குப் பிறகு எல்லா கேட்டிலும் கேமரா, இன்னும் அதிக கேட்களில் சிக்னல் பிணைப்பு என்று ரயில்வே அறிவித்தது.

இறங்கிப் பார்க்கும் இடமில்லை அது. உல்லாசப் பயணத்தில் இதை ஏன் பேச வேண்டும் என்றும் தோன்றலாம். ஆனால் இறந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். ரயிலில் இருக்கும் பிள்ளை அந்த வீடியோவை ஏற்கெனவே போனில் பார்த்திருக்கும். "இதுதானே அந்த இடம்?" என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்று மூடி மறைக்காமல் பதில் சொல்வதுதான் மரியாதை. டூரில் பெரியவர்களும் பதின்ம வயதுப் பிள்ளைகளும் உண்மையாகப் பேசிக்கொள்ளும் பத்து நிமிடம் பெரும்பாலும் இப்படித்தான், திட்டமிடாத இடத்தில் வரும்.

ரயிலை விட்டு சாலை வழியே போகிறவர்களுக்கு இதே செம்மங்குப்பம் பக்கம் மூக்கு வேறொன்றைச் சொல்லும். கடலூர் - சிதம்பரம் சாலையை ஒட்டி 1980-களில் வந்த சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை அங்கேதான். காற்றைச் சோதிக்க ஆளில்லாத நிலையில், 2004-ல் சுற்றுவட்டார ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, சாதாரண பிளாஸ்டிக் வாளியில் பொருத்திய பையில் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில் என்ன வாடை என்று குறித்தும் வைத்தார்கள். வேதியியல் 'போர்' என்று சொல்லும் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய கதை.

கடலூர், அரை நாள் மட்டும்

வெள்ளி கடற்கரைக்கு ஒரு மாலை போதும். கால் நனைக்கலாம், சுண்டல் சாப்பிடலாம், மீன் வறுவல் சாப்பிடலாம். குளிக்க இறங்க வேண்டாம். வங்கக் கடல் இந்தக் கரையில் நீச்சல் குளம் இல்லை, 'எனக்கு ஸ்விம்மிங் தெரியும்' என்பது இங்கே செல்லாது.

பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. கோட்டை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் கதை பிரமாதம். 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடம் இதை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று ஒப்பந்தம். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்தவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. கடலூரில் இன்றும் குண்டு சாலை உண்டு. ரியல் எஸ்டேட் என்றால் அது.

விட வேண்டியவை

வடலூர், நெய்வேலி, கங்கைகொண்ட சோழபுரம், பரங்கிப்பேட்டை, சீர்காழி. எல்லாமே பக்கம், எல்லாமே நல்ல இடம். 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், அதையும் பார்த்துட்டுப் போயிடலாம்' என்ற வாக்கியம்தான் தமிழ்க் குடும்பச் சுற்றுலாவின் முதல் எதிரி. அதைச் சொல்பவர் பெரும்பாலும் மாமாவாக இருப்பார். அன்போடு மறுத்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்றைச் சேர்க்கலாம் என்றால் வீராணம் ஏரி. 'பொன்னியின் செல்வன்' நாவலில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்தக் கரை. படத்தை 2022-ல் தியேட்டரில் பார்த்த பிள்ளைக்கு அறிமுகமே தேவையில்லை. சென்னைக்காரர்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. 2004 முதல் இந்த ஏரித் தண்ணீர் குழாயில் சென்னைக்குப் போகிறது. வீட்டில் குடித்த தண்ணீரின் ஊரைக் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். வேறெதுவும் அங்கே செய்வதற்கில்லை.

மீதமுள்ள அரை நாளைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவது நல்லது. கையில் ஒரு தொகை, 'இன்னிக்கு மதியத்துல இருந்து நீதான் பிளான்' என்ற ஒரு வரி. பாண்டிச்சேரி கஃபேவுக்குப் பஸ் ஏறச் சொல்லலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பக்கம் நடக்கலாம் எனலாம். அங்கே வாசலில் நிற்கும் சிலை 1965 மொழிப் போரில் துப்பாக்கிச்சூட்டில் இறந்த மாணவர் இராசேந்திரனுடையது. அவரும் ஏறக்குறைய இவர்கள் வயதுதான். அல்லது ரூமில் ஏசி போட்டுத் தூங்கலாம் என்றே சொல்லலாம். எதைச் சொன்னாலும் "இதுக்கா இவ்ளோ செலவு பண்ணி வந்தோம்" என்று முகம் சுளிக்காமல் கூடப் போக வேண்டும். இதுதான் பெரியவர்களுக்கான பரீட்சை, இதற்கும் பொதுத்தேர்வு ரத்தாகவில்லை.

டிக்கெட் விஷயம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பிப்ரவரி மூன்றாம் வாரம் போக வேண்டும் என்றால் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் புக்கிங் திறக்கும். ஞாயிறு மாலை சென்னை திரும்பும் ரயில்தான் முதலில் நிறையும். அதனால் திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, போகும் டிக்கெட்டைப் பிறகு பார்க்கலாம். ஜன்னலோர சீட் யாருக்கு என்பதை அப்போதே முடிவு செய்துவிடுவது உத்தமம்.